டோர் மென்பொருளின் அமைவுக் கோப்பும் தரவுக் கோப்புறையும்: எதைத் திருத்தலாம், எதை அழிக்கலாம், எதைக் காப்பாற்ற வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் வாடகைச் சேவையகம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியபோது, இணையத்தில் நம் இருப்பிடத்தை மறைக்க உதவும் டோர் மென்பொருளின் அமைவுக் கோப்பை மட்டும் கவனமாகப் பிரதியெடுத்துக்கொண்டு பழைய சேவையகத்தை ஒப்படைத்துவிட்டேன். புதிய இடத்தில் டோர் எந்தப் பிழையும் காட்டாமல் இயங்கத் தொடங்கியது. ஆனால் நான் நடத்திவந்த சிறிய ஆனியன் தளத்தின் (டோர் வழியாக மட்டுமே திறக்கும் தளம்) முகவரி வேறாகிவிட்டிருந்தது. பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்தவர்கள் யாரும் திரும்பி வர வழியில்லை. அமைவுக் கோப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது தரவுக் கோப்புறை. டோருக்கு நாம் இடும் கட்டளைகள் அமைவுக் கோப்பில் இருக்கின்றன. டோர் தானாகக் கற்றுக்கொண்டதும், அதன் அடையாளமும் தரவுக் கோப்புறையில் இருக்கின்றன. இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் அன்று அந்த முகவரியை இழந்திருக்க மாட்டேன்.

டெபியன் அல்லது உபுண்டுவில் தொகுப்பாக நிறுவப்பட்ட டோரை முன்வைத்தே இங்கு விளக்குகிறேன். டோர் உலாவியின் நிலை சற்று வேறு என்பதால் அதற்கெனப் பின்னால் தனிப் பகுதி உண்டு. கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்புக்கேற்பத் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

முதல் படி: எந்தக் கோப்பு உண்மையில் படிக்கப்படுகிறது என்று உறுதிசெய்தல்

டோரின் அமைவுக் கோப்பின் பெயர் 'டோர்ஆர்சி'. டெபியனில் அது '/ஈடிசி/டோர்/டோர்ஆர்சி' என்ற இடத்தில் இருக்கும். மூலநிரலிலிருந்து நீங்களே தொகுத்து நிறுவியிருந்தால் பெரும்பாலும் '/யுஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி/டோர்' கோப்புறையில் இருக்கும். தவறான கோப்பை மணிக்கணக்கில் திருத்திவிட்டு, மாற்றம் எதுவும் நடக்கவில்லையே என்று குழம்புபவர்களை அடிக்கடி பார்க்க முடிகிறது. ஆகவே கோப்பைத் திறப்பதற்கு முன் டோரின் பதிவேட்டை (லாக்) திறந்து பாருங்கள். டோர் தொடங்கும்போதே எந்தெந்த அமைவுக் கோப்புகளைப் படித்தது என்பதை முழுப் பாதையுடன் எழுதிவைக்கும்.

இங்கே டெபியனுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். 'டோர்' என்ற பெயரில் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) காட்டும் சேவை வெறும் பெயரளவிலானது. உண்மையில் இயங்குவது 'டோர்@டிஃபால்ட்' என்ற சேவை. முதலாவதன் நிலையைக் கேட்டால் எல்லாம் நலம் என்றே பதில் வரும், உள்ளே டோர் தொடங்க முடியாமல் விழுந்து கிடந்தாலும் சரி. 'ஜர்னல்சிடிஎல் -யூ டோர்@டிஃபால்ட்' என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

பதிவேட்டில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கோப்புகளின் பெயர்கள் தென்படும். முதலாவது, '/யுஎஸ்ஆர்/ஷேர்/டோர்' கோப்புறையில் தொகுப்பைத் தயாரித்தவர்கள் வைத்திருக்கும் இயல்புநிலைக் கோப்பு. தரவுக் கோப்புறை எது, டோர் எந்தப் பயனர் பெயரில் இயங்க வேண்டும், கட்டுப்பாட்டுச் சாக்கெட் (பிற செயலிகள் டோருக்குக் கட்டளையிடும் வாசல்) எங்கே இருக்க வேண்டும் என்பவை அதில் முடிவு செய்யப்பட்டிருக்கின்றன. அதற்குப் பின் உங்கள் கோப்பு படிக்கப்படும். கடைசியாக, கட்டளை வரியில் தரப்பட்டவை படிக்கப்படும். பின்னால் வருவது முன்னால் வந்ததை மேலெழுதும். இயல்புநிலைக் கோப்பைத் தொடாதீர்கள். தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும்.

இரண்டாம் படி: கோப்பைத் திருத்துதலும் சரிபார்த்தலும்

இலக்கணம் எளியது. ஒரு வரிக்கு ஒரு விருப்பம்: முதலில் பெயர், பிறகு இடைவெளி, பிறகு மதிப்பு. '#' குறிக்குப் பின் வருவது குறிப்புரை. விருப்பப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. பெரும்பாலான விருப்பங்களுக்கு வரிசையும் முக்கியமில்லை. ஆனியன் சேவைக்கான வரிகள் மட்டும் விதிவிலக்கு. 'ஹிட்டன்சர்வீஸ்டிர்' என்ற வரி ஒரு சேவையைத் தொடங்கிவைக்கிறது. அதன் பின் வரும் 'ஹிட்டன்சர்வீஸ்போர்ட்' வரிகள், அடுத்த 'ஹிட்டன்சர்வீஸ்டிர்' வரும்வரை அந்தச் சேவைக்கே உரியவை. இரண்டு தளங்களை நடத்துபவர் ஒரு வரியை இடம் மாற்றி ஒட்டினால், ஒரு முகவரியில் மற்றொரு தளம் திறக்கும்.

கோப்பு நீண்டுகொண்டே போனால், '%இன்க்ளூட்' என்ற வரியின் மூலம் வேறொரு கோப்பையோ ஒரு கோப்புறை முழுவதையுமோ உள்ளே இழுத்துக்கொள்ளலாம். கோப்புறையைத் தந்தால் அதிலுள்ளவை பெயரின் அகர வரிசைப்படி படிக்கப்படும். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் விடப்படும். எண்களை முன்னொட்டாக வைத்துப் பெயரிடும் பழக்கம் இங்கே உதவும்.

திருத்தி முடித்ததும் உடனே மறுதொடக்கம் செய்யாமல், 'சூடோ -யூ டெபியன்-டோர் டோர் --வெரிஃபை-கான்ஃபிக்' என்ற கட்டளையால் சோதித்துப் பாருங்கள். 'டெபியன்-டோர்' என்பது டோர் இயங்கும் பயனர் பெயர். அதே பெயரில் சோதித்தால்தான் கோப்புறை அனுமதிப் பிழைகளும் வெளிப்படும். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராகச் சோதித்தால் அவை மறைந்துகொள்ளும். பல கோப்புகள் கலந்த பின் எஞ்சும் இறுதி அமைவைக் காண '--டம்ப்-கான்ஃபிக் ஷார்ட்' என்ற விருப்பம் உள்ளது.

சோதனை தேறினால், பெரும்பாலான மாற்றங்களுக்கு மீளேற்றம் போதும்: 'ரீலோடு' கட்டளை டோருக்கு 'ஹப்' என்ற சமிக்ஞையை அனுப்ப, அது சுற்றுகளை (ரிலேக்கள் எனப்படும் இடைச் சேவையகங்கள் சிலவற்றின் வழியே டோர் அமைக்கும் பாதைகளை) கலைக்காமல் கோப்பை மீண்டும் படித்துக்கொள்ளும். தரவுக் கோப்புறையின் இடத்தை மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் முழு மறுதொடக்கம் தேவை.

மூன்றாம் படி: சில வரிகளைப் பற்றிய எச்சரிக்கை

'சாக்ஸ்போர்ட்' என்பது செயலிகள் டோரை அணுகும் வாசல், இயல்பாக 9050. இது 127.0.0.1 என்ற உள்முகவரியிலேயே இருக்கட்டும். 0.0.0.0 என்று மாற்றினால் அந்த வலையமைப்பிலுள்ள எவரும் உங்கள் டோரைப் பயன்படுத்தலாம். பொது இணையத்தில் இருக்கும் சேவையகமானால் உலகமே பயன்படுத்தலாம்.

'கன்ட்ரோல்போர்ட்' (வழக்கமாக 9051) அதைவிட அபாயமானது. அதன் வழியே நுழைபவர் அமைவை மாற்றலாம், சுற்றுகளைப் பார்க்கலாம், உங்கள் உண்மையான ஐபி முகவரியைக் கேட்டறியலாம். ஆகவே குக்கி வழி அடையாளச் சோதனையையோ, கடவுச்சொல்லின் சுருக்கத்தையோ கட்டாயம் வையுங்கள். குக்கி என்பது 32 பைட் கொண்ட ஒரு கோப்பு. டோர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படும். அதைப் படிக்க முடிந்தவர் டோரைக் கட்டுப்படுத்த முடியும். டெபியனில் உங்கள் பயனரை 'டெபியன்-டோர்' குழுவில் சேர்த்தால் படிக்க முடியும் என்று பல குறிப்புகள் சொல்கின்றன. உண்மைதான், ஆனால் அதன் பின் உங்கள் பெயரில் இயங்கும் ஒவ்வொரு செயலிக்கும் அதே அதிகாரம் கிடைக்கிறது.

'எக்ஸிட்நோட்ஸ்', 'எக்ஸ்க்ளூட்நோட்ஸ்' ஆகிய வரிகளை இணையத்தில் எங்கோ கண்டு ஒட்டிவைப்பவர்கள் பலர். இன்ன நாட்டின் வழியாக மட்டும் வெளியேறு, இன்ன நாடுகளைத் தவிர் என்று சொல்லும்போது பாதுகாப்பு கூடுவதாகத் தோன்றும். உண்மையில் நீங்கள் மற்ற பயனர்களிடமிருந்து வேறுபட்ட நடத்தை உடையவராகிவிடுகிறீர்கள். கூட்டத்தில் கலந்திருப்பதையே தற்காப்பாகக் கொண்ட வலையமைப்பில் அது இழப்புதான். சோதனைக்காக அன்றி இவற்றை எழுதாமல் விடுவதே என் பழக்கம்.

பதிவேட்டு நிலையை 'நோட்டீஸ்' அளவிலேயே வையுங்கள். 'சேஃப்லாகிங்' இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதால் முக்கியமான முகவரிகள் மறைக்கப்பட்டே எழுதப்படும். பிழை தேடுவதற்காக அதை நிறுத்தி, 'டீபக்' நிலைக்கு உயர்த்தியவர்கள் வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்புவதோடு அந்தப் பதிவேட்டையும் அழிக்க வேண்டும்.

நான்காம் படி: தரவுக் கோப்புறைக்குள் நுழைதல்

டெபியனில் இது '/வார்/லிப்/டோர்'. வேறு எதுவும் சொல்லப்படாத நிலையில், டோர் இயங்கும் பயனரின் வீட்டுக் கோப்புறையில் '.டோர்' என்ற மறைகோப்புறை. உரிமையாளர் 'டெபியன்-டோர்', அனுமதி 0700, அதாவது உரிமையாளர் மட்டுமே உள்ளே நுழையலாம். ரூட்டாக நின்று கோப்புகளைப் பிரதியெடுத்துவிட்டு உரிமையை மாற்ற மறந்தால் டோர் தொடங்க மறுத்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் சந்திக்கும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒன்றே.

உள்ளே முதலில் கண்ணில் படுபவை 'கேஷ்டு' என்று தொடங்கும் கோப்புகள். டோர் வலையமைப்பில் எந்த ரிலேக்கள் உள்ளன, அவற்றின் தன்மை என்ன என்பதை 9 அதிகார அடைவுச் சேவையகங்கள் வாக்களித்து, மணிக்கு ஒருமுறை கூட்டாகக் கையொப்பமிட்டு வெளியிடுகின்றன. 'கன்சென்சஸ்' எனப்படும் அந்த ஒருமித்த ஆவணம் 'கேஷ்டு-மைக்ரோடெஸ்க்-கன்சென்சஸ்' என்ற கோப்பில் சேமிக்கப்படுகிறது. வெறும் எழுத்துக் கோப்புதான். திறந்து பார்த்தால் தொடக்கத்திலேயே எப்போது வெளியானது, எதுவரை செல்லும் என்ற நேரங்கள் உலகப் பொது நேரப்படி இருக்கும். 'கேஷ்டு-சர்ட்ஸ்' என்பதில் அந்த 9 சேவையகங்களின் சான்றிதழ்கள். 'கேஷ்டு-மைக்ரோடெஸ்க்ஸ்' என்பதில் ஒவ்வொரு ரிலேயின் சாவிகள் அடங்கிய சிறு விவரக் குறிப்புகள். இதன் அருகே '.நியூ' என்ற பின்னொட்டுடன் இருப்பது, புதிதாக இறங்கிய குறிப்புகளைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கோப்பு. போதிய அளவு சேர்ந்ததும் டோரே இரண்டையும் இணைத்துவிடும்.

இவை அனைத்தையும் டோரை நிறுத்திவிட்டுத் தயங்காமல் அழிக்கலாம். அடுத்த தொடக்கத்தில் மீண்டும் இறங்கும். சில மெகாபைட் செலவாகும், அவ்வளவே. ஆனால் டோர் இணைய மறுக்கும்போதெல்லாம் இவற்றை அழிப்பது மருந்தாகாது. கன்சென்சஸ் நேரத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதால், முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். கடிகாரப் பேட்டரி இல்லாத ராஸ்பெரி பை போன்ற பலகைகளில், மின்சாரம் போய் வந்த பின் நேரம் பின்தங்கிவிட, டோர் கையில் இருக்கும் நல்ல ஆவணத்தையும் ஏற்க மறுக்கும். அத்தகைய பலகைகளில் எஸ்டி அட்டையின் ஆயுளைக் காக்க 'அவாய்ட்டிஸ்க்ரைட்ஸ் 1' என்ற வரியையும் சேர்க்கலாம்.

'லாக்' என்ற கோப்பு, ஒரே கோப்புறையை இரண்டு டோர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தாமல் தடுக்கிறது. வேறொரு டோர் இயங்குவதாகப் பிழை வந்தால் அந்தக் கோப்பை அழிக்க ஓடாமல், உண்மையிலேயே மற்றொரு செயல்முறை ஓடுகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாம் படி: 'ஸ்டேட்' கோப்பைப் புரிந்துகொள்ளுதல்

இந்தச் சிறிய கோப்பைத்தான் பலரும் குப்பையோடு சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அதனால் நேரும் தீங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே அதன் ஆபத்து.

டோர் சுற்று ஒவ்வொன்றிலும் முதல் ரிலே உங்கள் ஐபி முகவரியை நேரடியாகக் காண்கிறது. அந்த முதல் ரிலேயையும் வெளியேறும் இடத்தையும் ஒருவரே கண்காணித்தால், போக்குவரத்தின் நேரத்தையும் அளவையும் ஒப்பிட்டு உங்களைக் கண்டறிய முடியும். இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். நுழைவிடங்களில் 20-இல் ஒரு பங்கு தீயவர் கையில் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு நுழைவிடத்தைத் தேர்ந்தால், இரண்டு வாரத்துக்குள் ஒருமுறையாவது அவரிடம் அகப்படும் வாய்ப்பு பாதிக்கும் மேல். ஓராண்டில் அது ஏறத்தாழ உறுதி. ஒன்றையே தேர்ந்து நெடுநாள் பற்றிக்கொண்டால், அந்தக் காலம் முழுமைக்கும் வாய்ப்பு 20-இல் ஒன்றாகவே நிற்கும். இதற்காகவே டோர் 'கார்டு' எனப்படும் காவல் ரிலேக்கள் சிலவற்றைத் தேர்ந்து, சுமார் 120 நாட்கள் நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நினைவு எழுதப்பட்டிருக்கும் இடம்தான் 'ஸ்டேட்' கோப்பு.

கோப்பைத் திறந்தால் 'கார்டு இன்=டிஃபால்ட்' என்று தொடங்கும் வரிகள் தென்படும்; ஒவ்வொன்றிலும் ஒரு ரிலேயின் கைரேகையும், அது தேர்ந்தெடுக்கப்பட்ட நாளும் இருக்கும். அந்த நாள்கூட உண்மையானதன்று. கோப்பு பிறர் கையில் சிக்கினாலும் நீங்கள் எப்போது டோரைப் பயன்படுத்தினீர்கள் என்பது துல்லியமாகத் தெரியக்கூடாது என்பதற்காக, உண்மை நாளைவிடச் சற்று முந்தைய ஒரு நாள் எதேச்சையாகத் தேர்ந்து எழுதப்படுகிறது. இவ்வளவு நுணுக்கமாக யோசித்து அமைத்த ஒன்றை, வேகம் குறைகிறது என்பதற்காக நாம் வாரந்தோறும் அழித்தால், ஒவ்வொரு முறையும் சீட்டை மீண்டும் குலுக்குகிறோம் என்று பொருள். சுற்று அமைக்க ஆகும் நேரத்தின் புள்ளிவிவரங்களும் இங்கேயே இருப்பதால், அழித்தபின் சிறிது நேரம் வேகம் இன்னும் தடுமாறக்கூடும்.

அதே சமயம் இந்தக் கோப்பை வேறொரு கணினிக்குப் பிரதியெடுப்பதும் கூடாது. ஒரே காவல் தொகுப்பைப் பயன்படுத்தும் இரண்டு கணினிகளையும் ஒருவரே இயக்குகிறார் என்று, கவனித்துக்கொண்டிருப்பவர் ஊகிக்க அது இடம் தரும். மெய்நிகர்க் கணினியின் பிம்பத்தைப் பெருக்கிப் பயன்படுத்துவோர், பிம்பம் எடுக்கும் முன் தரவுக் கோப்புறையைக் காலிசெய்துவிட வேண்டும்.

ஆறாம் படி: சாவிகளைப் பிரித்தறிதல்

நீங்கள் ரிலே நடத்துபவரானால், 'கீஸ்' என்ற உட்கோப்புறைதான் அந்த ரிலேயின் உயிர். 'சீக்ரெட்_ஐடி_கீ' என்பது பழைய ஆர்எஸ்ஏ அடையாளச் சாவி. வலையமைப்பு உங்கள் ரிலேயை அறிந்துவைத்திருக்கும் 40 எழுத்துக் கைரேகை இதிலிருந்தே பிறக்கிறது. 'இடி25519_மாஸ்டர்_ஐடி_சீக்ரெட்_கீ' என்பது அதனுடன் சேர்ந்த புதிய தலைமைச் சாவி. இவ்விரண்டையும் காப்பு எடுத்துவைத்தால் சேவையகம் எரிந்துபோனாலும் அதே ரிலேயாக எழலாம். தவறவிட்டால், புதிய ரிலேயாக அலைவரிசை அளவீடும் வலையமைப்பு தரும் தகுதிக் கொடிகளும் முதலிலிருந்து சேர வேண்டும்; அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதே கோப்புறையில் 'ஆனியன்_கீ' என்ற சொல் கொண்டவை சுற்று அமைக்கப் பயன்படும் இடைக்காலச் சாவிகள். டோரே அவற்றை மாற்றிக்கொள்ளும் என்பதால் காப்பு தேவையில்லை. பெயரைப் பார்த்து ஆனியன் சேவையின் சாவி என்று மயங்க வேண்டாம்.

தலைமைச் சாவியைச் சேவையகத்திலேயே வைக்க மனமில்லாதவர்களுக்கு 'ஆஃப்லைன்மாஸ்டர்கீ 1' என்ற வரி உள்ளது. தலைமைச் சாவி வீட்டிலுள்ள கணினியில் இருக்கும்; 'டோர் --கீஜென்' மூலம் அங்கே உருவாக்கப்படும் கையொப்பச் சாவி மட்டும் சேவையகத்துக்குப் போகும். அதன் ஆயுள் இயல்பாக 30 நாள். புதுப்பிக்க மறந்தால் ரிலே வலையமைப்பிலிருந்து விழுந்துவிடும். நாட்காட்டியில் குறித்துவைக்காதவர்கள் இந்த வழியில் இறங்காமல் இருப்பது நல்லது.

ஆனியன் சேவையின் கோப்புறை இதிலிருந்து தனி. 'ஹிட்டன்சர்வீஸ்டிர்' வரியில் நீங்கள் தந்த பெயரில், தரவுக் கோப்புறைக்கு உள்ளேயே அதை வைப்பது உத்தமம். டெபியனில் வேறு இடத்தில் வைத்தால் சிஸ்டம்டியின் கட்டுப்பாடுகளும் செயலிகள் எந்தக் கோப்புகளைத் தொடலாம் என்று வரையறுக்கும் ஆப்ஆர்மரும் தடுத்துவிடும். உள்ளே 'எச்எஸ்_இடி25519_சீக்ரெட்_கீ', அதன் பொதுச் சாவி, தளத்தின் முகவரி எழுதப்பட்ட 'ஹோஸ்ட்நேம்' ஆகிய மூன்று கோப்புகள் இருக்கும். 'ஹோஸ்ட்நேம்' கோப்பை அழித்தாலும் கவலையில்லை, டோர் மீண்டும் எழுதிவிடும். ஏனெனில் முகவரி என்பது சாவியின் மறுவடிவம்தான். 32 பைட் பொதுச் சாவி, 2 பைட் சரிபார்ப்பு எண், 1 பைட் பதிப்பு எண் என 35 பைட்டுகளை எழுத்துகளாக மாற்றினால் 56 எழுத்துகள் கிடைக்கும். கடைசியில் உள்ள பதிப்பு எண் 3 என்பதால் எல்லா முகவரிகளும் ஆங்கில 'டி' எழுத்திலேயே முடிகின்றன. பழைய குறிப்புகளில் காணும் 16 எழுத்து முகவரிகள் இரண்டாம் பதிப்பைச் சேர்ந்தவை. 2021-இல் வெளியான 0.4.6 பதிப்போடு அவற்றுக்கான ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது.

குறிப்பிட்ட சிலர் மட்டும் நுழைய வேண்டுமானால் 'ஆதரைஸ்டு_கிளையண்ட்ஸ்' என்ற உட்கோப்புறையில், '.ஆத்' என்று முடியும் கோப்பாக ஒவ்வொருவருடைய பொதுச் சாவியையும் வையுங்கள். ஒரு கோப்பையாவது டோர் சரியாகப் படித்தால்தான் இந்தப் பூட்டு விழும் என்பதை மறக்கக்கூடாது. பின்னொட்டில் ஒரு பிழை, அனுமதியில் ஒரு பிழை என்று எல்லாக் கோப்புகளும் தவறிப்போனால், முகவரி தெரிந்த எவருக்கும் கதவு திறந்தே இருக்கும். எனவே சாவி இல்லாத உலாவியிலிருந்து ஒருமுறை திறந்து பார்த்து, அது மறுக்கப்படுகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

டோர் உலாவியில் நிலை என்ன?

உலாவி தனக்கென ஒரு டோரைச் சுமந்து வருகிறது; சேவையகத்தில் உள்ள டோரின் கோப்புகளை அது தொடுவதில்லை. லினக்ஸில் உலாவிக் கோப்புறைக்குள் 'பிரவுசர்/டோர்பிரவுசர்/டேட்டா/டோர்' என்ற பாதையில் அமைவுக் கோப்பும் தரவுக் கோப்புகளும் ஒன்றாகவே இருக்கும். வாசல் எண்களும் 9150, 9151 என்று வேறுபடுவதால் இரண்டும் ஒரே கணினியில் மோதாமல் இயங்கும். பாலங்களை (பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவு ரிலேக்களை) உலாவியின் அமைப்புகள் பக்கத்தில் சேர்க்கும்போது உலாவியே அமைவுக் கோப்பைத் திருப்பி எழுதும். நீங்கள் கைப்பட எழுதிய குறிப்புரைகள் அதில் காணாமல் போகும், பழைய கோப்பு 'டோர்ஆர்சி.ஒரிஜ்.1' என்ற பெயரில் ஒதுங்கி நிற்கும். அந்த ஒதுங்கிய கோப்பைத் திருத்தினால் டோர் கண்டுகொள்ளாது. உலாவியைப் புதுப்பிக்க உள்ளிருக்கும் புதுப்பிப்பியையே பயன்படுத்துங்கள். கோப்புறை முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக விரித்தால் காவல் ரிலேக்களும் உடன் போய்விடும்.

ஏழாம் படி: இடம் மாற்றுதல்

என்னைப் போல் மாட்டிக்கொள்ளாமல் சேவையகம் மாற்ற, முதலில் பழைய இடத்தில் டோரை நிறுத்துங்கள். 'டோர்ஆர்சி', 'கீஸ்' கோப்புறையின் அடையாளச் சாவிகள், ஒவ்வோர் ஆனியன் சேவையின் கோப்புறை ஆகியவற்றைக் குறியாக்கம் செய்த ஒரே தொகுப்பாக்கி எடுத்துச் செல்லுங்கள்; 'கேஷ்டு' கோப்புகளை விட்டுவிடுங்கள். பழைய கணினி இனி டோரை இயக்கப்போவதில்லை என்பது உறுதியானால் மட்டும் 'ஸ்டேட்' கோப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். புதிய இடத்தில் டோரை நிறுவியதும் நிறுத்தி, கோப்புகளை உரிய இடத்தில் வைத்து, உரிமையை 'டெபியன்-டோர்' பெயருக்கு மாற்றி, கோப்புறைகளுக்கு 0700 அனுமதி தந்து, சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டிய பிறகே தொடங்க வேண்டும். பழைய டோரும் புதிய டோரும் ஒரே சாவியுடன் ஒரே நேரத்தில் இயங்கினால், ஆனியன் சேவையின் விவரக் குறிப்பை இரண்டும் மாறி மாறி மேலெழுதும். வருகையாளர் ஒருமுறை இங்கும் ஒருமுறை அங்கும் போய்ச் சேருவார்.

புதிய சேவையகத்தின் 'ஹோஸ்ட்நேம்' கோப்பும் பழையதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவதைக் கண்ட பின், பழைய வட்டிலுள்ள சாவிக் கோப்புகளை மேலெழுதி அழித்துவிட்டுச் சேவையகத்தை ஒப்படையுங்கள்.